அந்தியோக்கியப் பூசல்: போர்ஃபிரியின் கண்டனமும் ஜெரோம் – அகுஸ்தீன் கடித விவாதமும்

ஆய்வுச் சுருக்கம்

விவிலியம் உண்மையானது என்பதும் அது தன்னுள் முரணாதது என்பதும் கிறித்தவச் சமயத் தற்காப்பு நூல்களில் பெரும்பாலும் ஒரே கூற்றின் இரு பாதிகளாக வைக்கப்படுகின்றன. கலாத்தியர் திருமுகத்தில் பவுல் கூறும் அந்தியோக்கியப் பூசலைக் காட்டிப் போர்ஃபிரி எழுப்பிய கண்டனத்திற்கு விடை தேடியபோது, இவ்விரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை என்பது வெளிப்பட்டது. ஜெரோம் திருத்தூதரின் ஒற்றுமையைக் காக்க முயன்றார். அகுஸ்தீன் எழுத்தின் உண்மையைக் காக்க முயன்றார். ஏறத்தாழ கி.பி. 394 முதல் 405 வரை இருவருக்குமிடையே நிகழ்ந்த கடிதப் போக்குவரத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. மொழிபெயர்ப்பு பற்றிய வழக்கில் இருவரும் நிலை மாறி நின்றதையும் அது எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: கலாத்தியர், பேதுரு, பவுல், போர்ஃபிரி, ஜெரோம், அகுஸ்தீன், சமயத் தற்காப்பு, பாடவேறுபாடு

முன்னுரை

விவிலியத்தின் மீது எழுந்த கண்டனங்களின் வரலாற்றை எழுதுவோர் பொதுவாகக் கண்டித்தோரை ஒரு பக்கத்திலும் மறுத்தோரை மறுபக்கத்திலும் நிறுத்துவர். இவ்வாறு எழுதும்போது மறுத்தோர் அனைவரும் ஒரே அணியினர், ஒரே விடையை வெவ்வேறு சொற்களில் கூறியோர் என்னும் தோற்றம் உண்டாகிறது. மூலச் சான்றுகள் அத்தோற்றத்திற்கு இடம் தருவதில்லை. ஒரே கண்டனத்திற்குத் தரப்பட்ட விடைகள் ஒன்றையொன்று மறுத்த நேர்வுகள் பல. சில வேளைகளில் கண்டனத்தைவிட அதற்குத் தரப்பட்ட விடையே நூலுக்கு மிகுதியான கேடு விளைவிக்கும் என்று திருச்சபைக்குள்ளிருந்தே குரல் எழுந்தது.

அத்தகைய நேர்வுகளுள் தெளிவானது அந்தியோக்கியப் பூசல் பற்றிய வழக்கு. தொடக்கக் கிறித்தவத்தைப் பேதுருவின் அணி, பவுலின் அணி எனப் பிரித்து 1831 இல் எழுதத் தொடங்கிய ஜெர்மானிய ஆய்வாளர் ஃபெர்டினாண்ட் கிறிஸ்டியன் பவுர் முதலாக இன்றுவரை இப்பகுதி ஆய்வுக்குரியதாகவே இருந்து வருகிறது. எனினும் அதன் வரலாற்று உண்மையைத் தீர்மானிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதைக் காக்க முற்பட்டோர் எதைக் கைவிட ஒப்பினர், எதைக் கைவிட மறுத்தனர் என்பதே இங்கு வினா.

பூசலும் அதன் இரு சான்றுகளும்

கலாத்தியர் 2:11–14 இல் பவுல் கூறும் செய்தி சுருக்கமானது. பேதுரு அந்தியோக்கியாவுக்கு வந்து, யூதரல்லாத கிறித்தவரோடு ஒரே பந்தியில் உண்டு வந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் சார்பில் சிலர் வந்தவுடன், விருத்தசேதனம் பெற்றோருக்கு அஞ்சி அப்பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். ஏனைய யூதக் கிறித்தவரும், பர்னபாவுங்கூட, அவரைப் பின்பற்றினர். பவுல் அனைவர் முன்னிலையிலும் பேதுருவைக் கண்டித்தார். அந்நடத்தைக்குப் பவுல் தரும் பெயர் வேடம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதனை 'மாயம்' என்று பெயர்த்துள்ளது.

திருத்தூதர் பணிகள் நூலைத் துணைக்கொண்டால் சிக்கல் பெருகுகிறது. அந்நூலின் 10 ஆம் அதிகாரத்தில், யூதரல்லாத கொர்னேலியுவின் இல்லத்திற்குள் முதலில் நுழைந்தவர் பேதுருவே. 15 ஆம் அதிகாரத்தில், புறவினத்தார் மீது திருச்சட்டச் சுமையை ஏற்றலாகாது என்று எருசலேம் கூட்டத்தில் பேசியவரும் அவரே. பவுலோ 16 ஆம் அதிகாரத்தில் திமொத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்விக்கிறார்; 18 இல் கெங்கிரேயாவில் நேர்ச்சையின் பொருட்டு முடி களைகிறார்; 21 இல் எருசலேம் கோவிலில் தூய்மைச் சடங்கை மேற்கொள்கிறார். இவ்வாறு பார்த்தால் பேதுரு தாம் முன்னர் அறிவித்ததையே மீறினார். பவுலோ தாம் செய்ததையே மற்றொருவரிடம் குற்றமாகக் கண்டார். அந்தியோக்கியாவில் நிகழ்ந்த இப்பூசலைத் திருத்தூதர் பணிகள் எங்கும் குறிப்பிடவில்லை என்பதும் நோக்கத்தக்கது.

போர்ஃபிரிக்கு முன்

இப்பகுதியை முதலில் ஆயுதமாகக் கொண்டவர் புறச்சமயத்தார் அல்லர். 144 இல் உரோமைத் திருச்சபையிலிருந்து பிரிந்த மார்சியோன், எபிரேய மறைநூல்களை முற்றாக விலக்கி, திருத்தப்பட்ட லூக்கா நற்செய்தியையும் பவுலின் பத்துத் திருமுகங்களையும் மட்டும் ஏற்றார். அப்பத்தில் முதலிடம் பெற்றது கலாத்தியர். ஏனைய திருத்தூதர் நற்செய்தியைச் சரிவரப் புரிந்துகொள்ளவில்லை, பவுல் ஒருவரே அறிந்தார் என்னும் அவர் கொள்கைக்கு அந்தியோக்கியப் பூசலைக் காட்டிலும் வாய்ப்பான சான்று வேறில்லை.

தெர்த்துல்லியன் இதற்கு இரு விடைகள் தந்தார். பேதுருவின் பிழை நடத்தையைச் சார்ந்ததே. போதனையைச் சார்ந்ததன்று என்பது ஒன்று. பவுல் அப்போது புதிதாக மனம் மாறியவர், ஆர்வ மிகுதியால் கடிந்துகொண்டார் என்பது மற்றொன்று. முதல் விடை நிலைக்கத்தக்கது. இரண்டாவது விடையோ பேதுருவைக் காப்பதற்காகப் பவுலைச் சற்றே சிறுமைப்படுத்துகிறது.

அலெக்சாந்திரியாவின் கிளமெந்து வேறு வழி கண்டார். கலாத்தியரில் வரும் கேபா, திருத்தூதர் பேதுரு அல்லர். அதே பெயர் கொண்ட, எழுபது சீடருள் ஒருவரே என்று அவர் கூறியதாக எவுசேபியு தம் திருச்சபை வரலாற்றில் குறித்துள்ளார். ஒரு பெயரை இருவருக்கு உரியதாக்கி முரணைத் தீர்க்கும் முறை தமிழிலக்கிய வரலாற்று மாணவர்க்குப் புதிதன்று. ஔவையார் எத்தனை பேர் என்னும் வினாவை எதிர்கொண்டோர் அதன் வசதியையும் இடரையும் அறிவர்.

போர்ஃபிரியின் கண்டனம்

தீர் நகரத்தில் ஏறத்தாழ 234 இல் பிறந்த போர்ஃபிரி, புளோட்டினஸின் மாணவர். அவருடைய நூல்களைத் தொகுத்தளித்தவர். கிறித்தவருக்கு எதிராக அவர் எழுதிய நூல் 15 பகுதிகள் கொண்டது என்பது மரபு. இரண்டாம் தெயோதோசியுவும் மூன்றாம் வலந்தீனியானும் 448 இல் அதனை எரிக்க ஆணையிட்டனர். எனவே அவருடைய வாதங்களை மறுத்தோரின் மேற்கோள்கள் வழியாகவே நாம் அறிகிறோம். 1916 இல் அடோல்ஃப் ஹார்னாக் அத்தகைய துணுக்குகள் 97 ஐத் தொகுத்தார். கண்டனக்காரரின் குரல் எதிரியின் ஏட்டில் மட்டுமே எஞ்சியிருப்பது வரலாற்றாசிரியர் எப்போதும் நினைவில் கொள்ள வேண்டிய குறைபாடு.

முன்னவரான செல்சுஸின் கண்டனம் பெரிதும் மெய்யியல் சார்ந்தது; கேலியும் கலந்தது. போர்ஃபிரியோ நூலைக் கையில் வைத்துக்கொண்டு படித்தவர். தானியேல் நூல் பாபிலோனிய அடிமைக்காலத்தில் எழுதப்பட்டதன்று, நான்காம் அந்தியோகுஸ் காலத்தில், அதாவது கி.மு. 2 ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது என்று அவர் தம் நூலின் 12 ஆம் பகுதியில் வாதிட்டதாக ஜெரோம் தெரிவிக்கிறார். இன்றைய ஆய்வாளருள் பெரும்பாலோர் ஏற்கும் முடிபு அது. அத்தகைய கூர்மையுடைய வாசகர் அந்தியோக்கியப் பூசலை எடுத்தபோது அவர் கேட்டது எளிய கேள்வி. பேதுரு தவறினார் என்றால் திருச்சபையின் முதல்வரே நம்பத்தகாதவர். தவறவில்லை என்றால், பொய்க்குற்றம் சுமத்தி, தலைமையின் மீது பொறாமை கொண்டு செருக்கோடு எழுதியவர் பவுல். இரண்டில் எது உண்மையாயினும், திருத்தூதர்கள் ஒரே நற்செய்தியை ஒருமனப்பட்டு அறிவித்தனர் என்பது புனைவு.

ஜெரோமின் விடை

ஏறத்தாழ 386 இல் பெத்லகேமில் குடியேறிய ஜெரோம் விரைவில் கலாத்தியர் விளக்கவுரையை எழுதினார். அதன் முன்னுரையிலேயே போர்ஃபிரியின் பெயர் வருகிறது. கேபா வேறொருவர் என்னும் கிளமெந்தின் வழியை ஜெரோம் ஏற்கவில்லை. போர்ஃபிரி பழிக்கிறார் என்பதற்காக இன்னொரு கேபாவைப் படைத்துக்கொண்டால், அவர் பழிக்கும் எண்ணற்ற இடங்களையும் மறைநூலிலிருந்து சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும் என்பது அவர் கருத்து. மிகச் சரியான கூற்று. ஆனால் அதனைக் கூறியவர் அடுத்து எடுத்த வழி வியப்பளிக்கிறது.

ஓரிஜென் தம் ஸ்த்ரோமத்தேயிஸ் நூலின் 10 ஆம் பகுதியில் முதலில் முன்வைத்த விளக்கத்தை ஜெரோம் பின்பற்றினார். அந்நூல் இன்று கிடைக்கவில்லை. அவ்விளக்கத்தின்படி பூசல் உண்மையில் நிகழவில்லை. யூதக் கிறித்தவரை இழக்கக் கூடாதென்று பேதுரு விலகுவதுபோல நடித்தார். புறவினத்தார் இடறலடையக் கூடாதென்று பவுல் கண்டிப்பதுபோல நடித்தார். இருவரும் உள்ளத்தில் ஒத்த கருத்தினர். 'முகத்திற்கு எதிரே' என்னும் பொருள்படும் கிரேக்கத் தொடரை 'முகத்தளவில்', அதாவது வெளித்தோற்றத்தில், என்று கொள்வதே இவ்விளக்கத்தின் மொழியியல் அடிப்படை. 'முகமுகமாய்' என்னும் தமிழ்ப் பெயர்ப்பு அந்த வாயிலை அடைத்துவிடுகிறது என்பதை இங்கே சுட்டலாம்.

இதற்கு ஜெரோம் தந்த சான்றுகள் மூன்று வகையின. பாகாலை வணங்குவதாக நடித்து அதன் பூசாரிகளை ஒருங்கே கூட்டிய ஏகூ, ஆகீசின் முன் பித்தனாக நடித்த தாவீது ஆகியோர் மறைநூல் முன்மாதிரிகள். பாவமற்ற கிறிஸ்து பாவ உடலின் சாயலை ஏற்றது இறையியல் முன்மாதிரி. மூன்றாவது அவருடைய இளமை நினைவு: உரோமையில் சொற்கலை பயின்ற நாளில், நாவலர்கள் தம் கட்சிக்காரருக்காக நீதிமன்றத்தில் ஒருவரையொருவர் கடுமையாகத் தாக்கியதைக் கண்டதாகக் குறிப்பிடுகிறார். சொற்போர்ப் பயிற்சி பெற்றவர்க்குத் திருத்தூதரின் பூசலும் ஒரு சொற்போர்ப் பயிற்சியாகத் தோன்றியது இயல்பே.

இவ்விடை ஜெரோம் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. யோவான் கிறிசோஸ்தோமும் இதே கருத்தை மறையுரையாக நிகழ்த்தினார். அதுவும் பூசல் நிகழ்ந்த அதே அந்தியோக்கியாவில். கிரேக்கக் கீழைத் திருச்சபையில் இது ஏற்கப்பட்ட விளக்கமாக இருந்தது என்பதை மறந்து, ஜெரோமின் தனிப்பட்ட கோணலாக இதனைக் காண்பது தவறு. ஒற்றுமையைக் காக்கும் விடை என்ற அளவில் இதற்கு இணையில்லை. பேதுரு தவறவில்லை, பவுலும் தவறவில்லை, போர்ஃபிரி காட்டிய பிளவே இல்லை. ஒரே ஒரு விலைதான்: தாம் எழுதியதைப் பவுல் மெய்யாகக் கருதி எழுதவில்லை.

வழிதவறிய கடிதங்கள்

அந்த விலையைக் கண்டு திடுக்கிட்டவர் அகுஸ்தீன். 391 இல் ஹிப்போவில் குருவாகத் திருநிலைப்பட்ட அவர், ஏறத்தாழ 394 அல்லது 395 இல் ஜெரோமுக்கு முதற்கடிதம் எழுதினார் (கடிதம் 28). அதன் வரலாறே ஒரு தனிக்கதை. கொண்டுசெல்ல வேண்டிய புரோஃபுத்தூருஸ் புறப்படுமுன் ஆயராக்கப்பட்டார்; பின்னர் இறந்தார். கடிதம் பெத்லகேம் சேரவில்லை. சில ஆண்டுகளில் அகுஸ்தீன் மற்றொரு கடிதம் எழுதினார் (கடிதம் 40). அதனை ஏற்றவர் கடற்பயணத்திற்கு அஞ்சிப் போகவில்லை. அதன் படியோ உரோமையிலும் இத்தாலியிலும் பலர் கையில் புழங்கியது. சிசின்னியுஸ் என்னும் திருத்தொண்டர் அத்ரியக் கடலின் ஒரு தீவில் அகுஸ்தீனின் நூல்களிடையே அதனைக் கண்டு ஜெரோமுக்கு அறிவித்தார்.

தமக்கு எழுதப்பட்ட கடிதத்தைத் தம்மைத் தவிர ஏனையோர் படித்திருந்ததை அறிந்த ஜெரோம் சினந்தார். தம்மைத் தாக்கிப் புகழ் தேடும் இளைஞரின் சூழ்ச்சி இது என ஐயுற்றார். கிரேக்கக் கவிஞர் ஸ்தெசிகோருஸ் எலேனாவைப் பழித்ததால் கண்ணிழந்து, முன்னர்ப் பாடியதை மறுத்துப் பாடிப் பார்வை பெற்ற கதையைக் காட்டி, அவ்வாறே மறுத்துப் பாடுமாறு அகுஸ்தீன் அக்கடிதத்தில் கேட்டிருந்தார். அது நகைச்சுவையாகக் கருதி எழுதப்பட்டிருக்கலாம். பெத்லகேமில் அவ்வாறு படிக்கப்படவில்லை. களைத்த எருதே காலை அழுந்த ஊன்றும் என்னும் பொருளுடைய பழமொழி ஒன்றை ஜெரோம் விடையில் நினைவூட்டினார். இருவருக்கும் வயது வேறுபாடு பத்து ஆண்டுகூட இருக்காது என்பதை இங்கே நினைத்தால் புன்னகை எழும்.

அகுஸ்தீனின் வாதம்

கடிதம் 28 இல் அகுஸ்தீன் முன்வைத்த வாதம் பேதுருவைப் பற்றியதன்று, பொய்யைப் பற்றியது. அக்காலத்தே பொய் குறித்துத் தனிநூல் ஒன்றும் அவர் எழுதினார். நன்மை கருதிச் சொல்லப்பட்ட பொய் ஒன்று மறைநூலில் உண்டு என ஒருமுறை ஒப்பினால், நடத்தைக்குக் கடினமானதாகவோ நம்புதற்கு அரியதாகவோ தோன்றும் எந்த வரியையும் அதே விதியால் ஆசிரியரின் நல்லெண்ணப் பொய் என்று எவரும் ஒதுக்கலாம். இன்று போர்ஃபிரிக்கு எதிராக எடுத்த கேடயம் நாளை எவருடைய கையிலும் வாளாகும். திருமணத்தைப் பவுல் புகழும் இடத்தை அதனைப் பழிப்போர் நடிப்பு என்பர். உயிர்ப்பைப் பற்றிய சான்றையும் அவ்வாறே கூறுவர்.

கலாத்தியர் 1:20 இல், தாம் எழுதுவதில் பொய்யில்லை என்று பவுல் கடவுளைச் சான்றாக வைத்து ஆணையிடுவதை அகுஸ்தீன் தவறாமல் எடுத்துக்காட்டினார். ஆணையிட்டுத் தொடங்கியவர் அடுத்த அதிகாரத்திலேயே நடிப்பை நடிப்பென்று கூறாமல் எழுதினார் என்றால், அந்த ஆணையின் மதிப்பு என்ன?

எனில் பவுல் திமொத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்வித்தது என்ன? அதுவும் நடிப்பன்று என்கிறார் அகுஸ்தீன். யூதருக்கு யூதனைப்போல் ஆனேன் என்று 1 கொரிந்தியர் 9:20 இல் பவுல் கூறுவது, நோயாளிக்குப் பணிவிடை செய்பவர் தாமே நோயுற்றவர்போல் உணர்வதை ஒத்தது. அவர் தமக்கும் காய்ச்சல் என்று பொய் சொல்வதில்லை. தாம் அந்நிலையில் இருந்தால் எத்தகைய பணிவிடையை விரும்புவாரோ அதனைச் செய்கிறார். பேதுருவின் குற்றம் திருச்சட்டத்தைக் கைக்கொண்டதன்று. அச்சத்தால் விலகி, புறவினத்தாரும் அதனைக் கைக்கொள்ள வேண்டும் என்னும் நெருக்கடியை உண்டாக்கியதே குற்றம். அவர் மெய்யாகவே தவறினார், மெய்யாகவே திருத்தப்பட்டார், அத்திருத்தத்தைப் பணிவோடு ஏற்றார்.

ஜெரோமின் மறுமொழி

404 இல் ஜெரோம் விரிவாக விடையளித்தார் (ஜெரோம் கடிதம் 112). ஓரிஜென், தீதிமுஸ், லவோதிக்கேயாவின் அப்பொல்லினாரியுஸ், அலெக்சாந்தர், எமேசாவின் எவுசேபியு, எராக்ளேயாவின் தெயோதோருஸ், கொன்ஸ்தாந்திநோப்பிளின் ஆயராயிருந்த யோவான் என ஆறேழு பெயர்களை அடுக்கினார். தவறுவதாயின் இவர்களோடு தவற விடுமாறு கேட்டார். பல உரைகளையும் தொகுத்துத் தந்து தேர்வைப் படிப்போரிடம் விடுவதே உரைகாரரின் கடமை என்றும் கூறினார். உரைமரபை அறிந்தோர் இக்கூற்றின் நியாயத்தையும், அதில் ஒளிந்திருக்கும் பின்வாங்கலையும் ஒருசேரக் காண்பர்.

அவர் எதிர்த்தாக்குதல் வலுவானது. திமொத்தேயுவின் விருத்தசேதனம், கெங்கிரேயாவின் நேர்ச்சை, எருசலேம் கோவிற்சடங்கு ஆகியவற்றை வரிசையாகக் காட்டி, இவற்றைச் செய்த பவுல் எந்த முகத்தோடு பேதுருவைக் கண்டிக்க இயலும் என வினவினார். திருத்தூதர்கள் திருச்சட்டத்தை மெய்யாகவே கைக்கொண்டனர் என்று ஒப்பினால், யூதக் கிறித்தவர்கள் இன்றும் அதனைக் கைக்கொள்ளலாம் என்றாகிவிடும். அது எபியோனியரின் திரிபுக்கொள்கை. கீழ்த்திசைத் தொழுகைக்கூடங்களில் உள்ள நாசரேயர் யூதரும் அல்லர், கிறித்தவரும் அல்லர் என்றார். ஜெரோமின் அச்சம் இங்கே வெளிப்படுகிறது. யூதச் சடங்கு மெய்யாக நிகழ்ந்தது என்பதைவிட, நடிப்பாக நிகழ்ந்தது என்பதே அவருக்கு ஏற்கத்தக்கதாயிருந்தது. யூதக் கிறித்தவத்தின் வரலாற்றை ஆராய்வோர்க்கு இக்கடிதம் சான்றாதாரம் என்பதில் ஐயமில்லை. அதன் பரிவின்மையும் அவ்வாறே சான்றாதாரம்.

405 அளவில் அகுஸ்தீன் இதற்கு எழுதிய மறுமொழியே (கடிதம் 82) இவ்விவாதத்தின் உச்சம். சடங்குகள் பற்றி அவர் தந்த உவமை நயமானது. இறந்த பெற்றோரைப் பிள்ளைகள் உடனே தெருவில் எறிந்துவிடுவதில்லை. மரியாதையோடு கல்லறைவரை கொண்டுசெல்கின்றனர். திருச்சட்டச் சடங்குகளும் கடவுளால் ஏற்படுத்தப்பட்டவை ஆதலால், புறச்சமயச் சடங்குகளைப்போல் உடனே வெறுத்து எறியப்படாமல், சிறிது காலம் அவ்வாறு கொண்டுசெல்லப்பட்டன. சடங்குகள் எப்போது, எவ்வகையில் நீங்கின என்னும் இவ்வினா தமிழ்ச் சமய வாதங்களிலும் வேறொரு முகத்தோடு எழுந்தது. ஆறுமுக நாவலரின் சைவதூஷணபரிகாரம் (1854) பழைய ஏற்பாட்டுச் சடங்குகளையே எடுத்துக்காட்டிச் சைவ வழிபாட்டைக் காத்தது.

பெயர்ப்பட்டியலை அகுஸ்தீன் கையாண்ட விதம் சட்டத்தரணியின் விதம். அவற்றுள் நால்வரை ஜெரோமே வெவ்வேறு இடங்களில் குறைகூறியுள்ளார், எஞ்சுவோர் மூவர். அம்மூவருக்கு எதிராகத் தம் பக்கத்தில் சிப்பிரியானும் அம்புரோசும் உள்ளனர். மூன்றாமவர் தேவையெனில் பவுலே வருகிறார்.

அதே கடிதத்தில் பிற்காலத்தில் மிகுதியாக எடுத்தாளப்பட்ட ஒரு விதியும் உள்ளது. மறைநூல்களில் உண்மைக்கு மாறாகத் தோன்றும் ஒன்றைக் கண்டால், ஏடு பிழைபட்டது, அல்லது மொழிபெயர்ப்பாளர் மூலத்தை எட்டவில்லை, அல்லது தாம் புரிந்துகொள்ளவில்லை என்றே கருதுவதாகக் கூறுகிறார். முதலிரண்டும் பதிப்பாசிரியர் எவரும் ஏற்கும் வாயில்கள். மூன்றாவது வாயில் அத்தகையதன்று. ஆசிரியர் தவறினார் என்னும் நான்காவது வாயிலை அது நிலையாக அடைக்கிறது. போர்ஃபிரியிடம் இவ்விதியைச் சொல்லியிருந்தால் அவர் ஒப்பியிருக்கமாட்டார். நம்பிக்கையை முற்கோளாகக் கொண்ட விதி இது. சான்றிலிருந்து பெறப்பட்ட விதியன்று. ஆயினும் கண்டனத்திலிருந்து தப்புவதற்காக நூல் சொல்லாததைச் சொல்வதற்கு அது இடம் தரவில்லை என்பதே அதன் சிறப்பு. நூலுக்குள் ஒரு மனிதர் தவறியதை நூல் சொன்னால், தவறினார் என்றே கொள்ள வேண்டும்.

சுரையும் ஆமணக்கும்

இதுவரை படித்தோர், உண்மையின் பக்கம் அகுஸ்தீனும் ஒற்றுமையின் பக்கம் ஜெரோமும் நிலையாக நின்றனர் என்று முடிவு கட்டக்கூடும். அதே கடிதங்களில் இணையாக நடந்த மற்றொரு வழக்கு அம்முடிவைத் தடுக்கிறது.

ஜெரோம் பழைய ஏற்பாட்டை எபிரேய மூலத்திலிருந்து நேரே இலத்தீனில் பெயர்க்கத் தொடங்கியதை அகுஸ்தீன் விரும்பவில்லை. கிரேக்கத் திருச்சபைகள் எழுபதின்மர் மொழிபெயர்ப்பையே படித்து வந்தன. இலத்தீன் திருச்சபைகள் வேறொன்றைப் படித்தால் இரண்டும் பிரியும் என்பது அவர் கவலை. 403 இல் எழுதிய கடிதத்தில் (கடிதம் 71) ஒரு நிகழ்ச்சியைத் தெரிவித்தார். வட ஆப்பிரிக்காவின் ஓயா நகரில் ஆயர் ஒருவர் ஜெரோமின் மொழிபெயர்ப்பை வழிபாட்டில் படிக்கச் செய்தார். யோனாவுக்கு நிழல் தந்த செடியின் பெயர், தலைமுறை தலைமுறையாக மக்கள் கேட்டுப் பழகிய பெயராக இல்லை. கிரேக்கர் முதலாகப் பலர் கூச்சலிட்டனர். ஆயர் அவ்வூர் யூதரிடம் கேட்டார். அவர்களோ பழைய ஏடுகளே சரி என்றனர். மக்களை இழக்கும் நிலையில் ஆயர் அதனைத் திருத்த நேர்ந்தது.

பழைய இலத்தீனில் சுரை. ஜெரோமிடம் ஐவி எனப்படும் படர்கொடி. எபிரேயச் செடி அகன்ற இலையுடையது, தன் தண்டிலேயே நிற்பது, இலத்தீனில் அதற்குப் பெயரில்லை, எனவே அக்குவிலா முதலிய முன்னோரைப் பின்பற்றிப் பெயர்த்ததாக ஜெரோம் விடை எழுதினார். அந்த யூதர்கள் எபிரேயம் அறியாதவர், அல்லது சுரைக்கட்சியினரை ஏளனம் செய்யவே அவ்வாறு கூறினர் என்றும் சேர்த்துக்கொண்டார். அவர் வருணித்த செடியை நம் நாட்டு வாசகர் ஒருவர் எளிதில் இனங்காண்பார். தமிழ் விவிலியம் அவ்விடத்தில் ஆமணக்கு என்றே பெயர்த்துள்ளது.

இங்கே மூலத்தின் உண்மையை முன்னிறுத்தியவர் ஜெரோம். திருச்சபையின் ஒற்றுமைக்காக அதனை ஒத்திவைக்கக் கேட்டவர் அகுஸ்தீன். எபிரேய உண்மை என்னும் தொடரே ஜெரோமின் அடையாளமாயிற்று. ஆக, ஒருவர் உண்மையின் காவலர், மற்றவர் சமரசக்காரர் என்று பிரிக்க இயலாது. இரண்டையும் ஒரே வேளையில் காக்க இயலாத இடத்தில் இருவரும் தத்தமக்கு நெருக்கமானதை முதலில் காத்தனர். ஜெரோமுக்கு அது சொல். அகுஸ்தீனுக்கு அது அச்சொல்லைக் கேட்கும் மக்களின் நம்பிக்கை.

எரேமியாவின் பெயர்

ஒற்றுமை மீது அகுஸ்தீன் கொண்ட பற்று, ஏட்டுச் சான்றை அவர் மதித்ததற்குத் தடையாகவில்லை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். ஏறத்தாழ 400 இல், நற்செய்தியாளர் ஒருவரோடொருவர் முரண்படுகின்றனர் என்போருக்கு விடையாக, அவர்களின் ஒத்திசைவு பற்றி நான்கு பகுதிகள் கொண்ட நூலை அவர் எழுதினார். மத்தேயு 27:9 இல், முப்பது வெள்ளிக்காசு பற்றிய இறைவாக்கு எரேமியாவுடையதாகக் கூறப்படுகிறது; அதை ஒத்த பகுதி செக்கரியாவில்தான் காணப்படுகிறது. சில ஏடுகளில் எரேமியா என்னும் பெயர் இல்லை, 'இறைவாக்கினர்' என்று மட்டுமே உள்ளது என்பதை அகுஸ்தீன் அறிந்திருந்தார். அவ்வேடுகளைப் பற்றிக்கொண்டால் சிக்கல் தீர்ந்தது. அவர் அதனைச் செய்யவில்லை. பெரும்பாலான ஏடுகளிலும் பழைய கிரேக்க ஏடுகளிலும் அப்பெயர் உள்ளது. மேலும், இல்லாத பெயரைச் சேர்த்து எவரும் ஏட்டைப் பிழையாக்கியிருக்கக் காரணமில்லை. இருந்த பெயரை, சிக்கலைக் கண்டு எவரேனும் நீக்கியிருக்கக் காரணம் உண்டு என்றார்.

கடினமான பாடமே மூலப்பாடமாக இருக்க வாய்ப்பு மிகுதி என்னும் பதிப்பியல் விதியைப் பிற்கால ஐரோப்பிய அறிஞர் வகுத்துக் கூறுமுன் கையாண்ட இடமாக இதனைக் கொள்ளலாம். இறைவாக்கினர் அனைவரும் ஒரே ஆவியால் பேசினர், ஆகவே ஒருவரின் சொல் மற்றவருடையதும் ஆகும் என்று அவர் அதன்பின் தந்த விளக்கத்தை ஏற்பதும் மறுப்பதும் படிப்போரின் நம்பிக்கையைப் பொறுத்தது. அவ்விளக்கம் வரும்வரை அவர் ஏட்டைத் தொடவில்லை என்பதே இங்கு வேண்டுவது.

விவாதத்திற்குப் பின்

405 க்குப் பின் ஜெரோம் இப்பொருள் பற்றி அகுஸ்தீனுக்கு நேரடி மறுப்பு எழுதவில்லை. மனிதர் தம் முயற்சியால் பாவமின்றி வாழ இயலும் என்னும் பெலாஜியுவின் கருத்து விரைவில் இருவருக்கும் பொது எதிர்ப்பாயிற்று. 415 இல் பெலாஜியரை மறுத்து ஜெரோம் எழுதிய உரையாடல் நூலில், குறையற்ற மனிதர் எவருமில்லை என்பதற்கு ஒரு சான்று வருகிறது. திருத்தூதருள் முதல்வரான பேதுருவே நேராக நடக்கவில்லை என்று பவுல் கண்டித்தார் எனில், அவருக்கே இல்லாத குறையின்மை தமக்கு மறுக்கப்படுவதற்கு வேறு எவர் சினப்பார் என்பது அவ்விடத்தின் கருத்து. போர்ஃபிரியின் முன் மறைக்கப்பட வேண்டியதாயிருந்த பேதுருவின் பிழை, பெலாஜியுவின் முன் வேண்டிய சான்றாக மாறிவிட்டது.

அதனை உடனே கவனித்தவர் அகுஸ்தீன். அடுத்த ஆண்டளவில் ஓசியானுஸ் என்னும் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் (கடிதம் 180), இவ்வழக்கில் ஜெரோம் தம் புதிய நூலில் சிப்பிரியானின் கருத்தையே பின்பற்றியுள்ளார் என்று குறிப்பிட்டார். வெற்றி கொண்டாடும் தொனி அதில் இல்லை. கலாத்தியர் விளக்கவுரையிலோ பழைய விளக்கம் அப்படியே நிற்கிறது. பேதுருவின் பிழை நடிப்பு என்னும் நூலும், அது மெய் என்னும் நூலும் ஜெரோமின் படைப்புகளுள் இன்றும் அருகருகே உள்ளன.